ஒன்றரை இஞ்சு

தம்பி ஜோவின் மஸ்கட்டில் புல் வெட்டுகிறவன்.
யாரோ விட்டுப்போன ஏழாம் நம்பர் இரும்பை
லுங்கியில் சுற்றிப் பாய்க்குள் செருகி
ஏர்போர்ட்டில் தூண்டில் கம்பு என்று சொல்லிக்
கொண்டுவந்தான்.
பந்து நாலு என்றான், மூன்றுதான் கிடைத்தது.

நான் ஐந்தடிக்கு அரை இஞ்சு குறைவு.
பள்ளியில் பி.டி. டீச்சர்.
விடியுமுன், மணவாளக்குறிச்சிக் கரையில்,
கறுப்பு மணலில் நின்று முதல்முதலாய் வீசினேன்.
பிடியின் முனை வயிற்றில் இடித்தது.
பந்துக்கு ஒரு சாண் பின்னால் மண்ணைக் கிள்ளியது தலை.
பல்லெல்லாம் மணல்.
கரமடிக் கயிற்றை விடாமலே
சிரித்தார்கள் வலை இழுக்கிறவர்கள்.

இறக்கிப் பிடி எக்கா, என்றான் போனில்.
இறக்கிப் பிடித்தால்
மிச்சக் கம்பு முழங்கைக்கடியில் நீட்டிக்கொண்டு
யாரோ கூடவே பிடித்திருப்பதுபோல் இருந்தது.

திங்கள்சந்தை. தனிஸ்லாஸ் லேத்துப் பட்டறை.
"எத்தற வெட்டணும்?"
தெரியாது என்றேன்.
கையைத் தொங்கவிடச் சொல்லி
மணிக்கட்டிலிருந்து தரைவரை டேப் பிடித்தார்.
ரப்பரைக் கீறி உரித்தார். உள்ளே பழைய பசை,
முன்பின் அறியாத ஒருவனின் வியர்வை.
"தலப்பக்கம் தொட்டா கம்பு செத்துப்போவும் டீச்சர்.
பிடிப்பக்கந்தான்."
பதினெட்டு இழுப்பு, எண்ணிக்கொண்டிருந்தேன்.
துண்டு தரையில் விழுந்து
பூசை மணிபோல் ஒருதரம் ஒலித்தது.
புதுப் பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றித் தந்தார்.

மறுநாள் வீசினால்
தலையைக் காணோம்.
கண்ணுக்கு இருக்கிறது, கைக்கு இல்லை.
நிறைகுடமென்று தூக்கியது காலியாயிருந்தால்
கை மேலே பாயுமே, அப்படி.
முன்பெல்லாம் உச்சியில் போய்த் திரும்பும்போது
தலை ஒரு நொடி பிந்தி வரும்,
இடுப்பு அதற்காகக் காத்திருக்கும்.
இப்போது காத்திருக்க ஒன்றுமில்லை.
கம்பும் விறைத்துப்போனது. வளையமாட்டேன் என்கிறது.
சரியாகப் படாத அடிக்கு
முழங்கை வரை ஒரு கூச்சம்.

வெட்டியது பிடியை, தலை எப்படிக் கனம் குறையும்?
அறிவியல் டீச்சர் செறாபினிடம் கேட்டேன்.
கரும்பலகையில் துலாக்கோல் வரைய ஆரம்பித்தாள்.
பாதியில் மணி அடித்துவிட்டது.

குளச்சலில் வலைச் சாமான் கடை.
ஈயமணி ஒரு கை நிறைய.
"எந்த வலைக்கு?" என்றார் கடைக்காரர்.
வலைக்கில்லை என்று மட்டும் சொன்னேன்.
சுத்தியலால் தட்டித் தகடாக்கித்
தலையின் முதுகில் ஒட்டினேன்.
ஆறு ஒட்டினால் மண்வெட்டி.
மூன்றென்றால் விளக்குமாறு.
நாலில் ஒன்றை நகம் வெட்டுவதுபோல் ஓரம் சீவியபோது
சட்டென்று
அந்த நொடி திரும்பி வந்தது.

தூரம் போனது போனதுதான். இருபது எட்டு குறைவு.
கரையேற்றிய கட்டுமரத்தைத் தாண்டிய பந்து
இப்போது அதற்கு முன்னாலேயே உட்கார்ந்துவிடுகிறது.
ஆனால் நான் பார்த்த இடத்தில் உட்காருகிறது,
பத்துக்கு ஏழு தரம்.
கொஞ்சம் வலப்பக்கம் சாய்கிறது.
அதற்கு தனிஸ்லாசிடம் மருந்தில்லை.
இடப்பக்கம் பார்த்து நிற்கிறேன்.
ஒரு பந்தைக் கடல் எடுத்தது, ஒன்றை நாய்.

கிறிஸ்துமசுக்கு வந்தான் ஜோவின். ஆறடி.
சட்டை மாற்றுமுன் கம்பைக் கேட்டான்.
கரையில் குனிந்தான். இன்னும் குனிந்தான்,
தாழ்ந்த வாசலில் நுழைகிறவன்போல்.
பந்தின் உச்சந்தலையைத் தட்டிவிட்டான்,
அது நாலடி உருண்டு நின்றது.

"எக்கா, இதுல என்னத்த செய்து வச்சிருக்க?
வாத்து கழுத்த ஒடிச்ச மாதிரி இருக்கு."

விசில் கயிற்றில் கோத்திருந்த துண்டை
அப்போதுதான் பார்த்தான்.
கழற்றச் சொல்லிக் கம்பின் முனையில் வைத்தான்.
பொருந்தித்தான் இருந்தது.
கையை எடுத்ததும் விழுந்தது.
மணலில் சத்தம் வரவில்லை.

இரண்டாவது தரம் அவன் அடித்தது
தாழைப்புதருக்குள் போய்விட்டது.
ஒரே பந்துதானே மிச்சம்,
நான் தேடப் போனேன்.