ஒறம்பரை

பத்திரத்தில் பத்து மாதம் என்றுதான் இருக்கிறது.
ஜூன் ஒன்று தொடங்கி மார்ச் முப்பத்தொன்று வரை.
ஏப்ரலிலும் மேயிலும் ஏற்காட்டில் எனக்கு வீடு கிடையாது,
வேலை உண்டு.

"சீசனுக்கு ஒறம்பரை வருவாங்கொ அம்மிணி"
என்பார் அர்த்தநாரி அண்ணன்.
திருச்செங்கோட்டில் நாலு ரிக் வண்டி வைத்திருக்கிறார்.
வடக்கே போய்ப் பூமியைத் துளைத்த காசில்
மலைமேல் வாங்கிப்போட்ட வீடு.
எழுநூறு அடியில் தண்ணீர் பார்த்துச் சொல்கிறவருக்கு
என் குளியலறைச் சுவரில் அது எங்கிருந்து கசிகிறதென்று
மூன்று வருடமாகத் தெரியவில்லை.

ஒறம்பரைக்கு ஓர் இரவு ஆறாயிரம்.
எனக்கு ஒரு மாதம் ஆறாயிரத்து ஐந்நூறு.
கோபப்படலாமென்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.
வீடு என்னுடையதாக இருந்தால்
நானும் என்னைக் காலிபண்ணத்தான் சொல்லியிருப்பேன்.

பூமழை பெய்து காப்பி பூக்கும் நாட்களில்
ஊரே மல்லிகைக் கூடையாய் மணக்க,
நான் அட்டைப்பெட்டி கேட்டுக்
கடை கடையாய் ஏறி இறங்குவேன்.
வட்டல், போசி, யூனிஃபார்ம் போக மற்ற சேலைகள்
எல்லாம் அட்டாலிக்குப் போகும்.
முருகன் படத்தைக் கழற்றப் போனபோது அண்ணன் தடுத்தார்:
"அது கெடக்கட்டும், லட்சணமா இருக்குது."
ஆக, பன்னிரண்டு மாதமும் குடியிருப்பவர்
அந்த வீட்டில் அவர் ஒருவர்தான்.
அட்வான்ஸும் கொடுத்ததில்லை.

இரண்டு மாதம் பிரபாவதியின் குவார்ட்டர்ஸ்.
அவளுக்குப் பகல் டூட்டி, எனக்கு இரவு.
ஒரே கட்டில்.
சூடு ஆறுவதற்குள் ஆள் மாறும்.
படுத்துக்கொண்டு போனில் என் வீட்டைப் பார்ப்பேன்.
என் ஜன்னலில் யாருடைய கோப்பையோ ஆவி விடுகிறது.
'பனி வந்து உங்கள் கதவைத் தட்டும்' என்று எழுதியிருக்கிறார்கள்.
பனி தட்டாதுங்க.
நேராக உள்ளே வந்து
கொடித்துணிமேல் உட்கார்ந்துகொள்ளும்.
ஐப்பசியில் துவைத்த பாவாடையை
கார்த்திகையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் காயவைத்ததை
எந்தப் படத்தில் போடுவது?

மலர்க்காட்சியின் இரண்டாம் நாள்,
இரவு பதினொன்றரை.
பிள்ளைக்கு வாந்தி நிற்கவில்லை என்று ஒருவர் ஓடிவந்தார்.
கொண்டைஊசி வளைவெல்லாம் வண்டி நிற்கிறதாம்,
டாக்டர் சேலத்திலிருந்து திரும்பவில்லை.
பையை எடுத்துக்கொண்டு நடந்தேன்.
சில்வர் ஓக் வரிசை முடிந்து அவர் திரும்பியதும்
என் கால் அவருக்கு முன்னால் திரும்பிவிட்டது.

கேட்டோடு மல்லுக்கட்டினார்.
தூக்கித் தள்ள வேண்டும். தள்ளினேன்.
சுவிட்சைத் தேடினார்.
திரைக்குப் பின்னால். போட்டேன்.
"முன்னாடி வந்திருக்கீங்களா சிஸ்டர்?"
"இந்த ஊர்ல எல்லா வீடும் ஒரே மாதிரிதாங்க."

என் படுக்கையில் ஆறு வயது,
ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜியும் இருபது வளைவும்
ஒரே வயிற்றில்.
உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கு ஸ்பூன் கேட்காமல்
இரண்டாவது இழுப்பறையைத் திறந்தேன்.
அடித்துக்கொண்டிருந்த ஜன்னலுக்கு
காகிதம் மடித்துச் செருகினேன்,
மூன்றாய் மடித்தால்தான் நிற்கும்.
"இங்கேயே இருக்கறதுக்குக் கொடுத்துவச்சிருக்கணும்"
என்றாள் அந்த அம்மா.
"கொடுத்துத்தாங்க வச்சிருக்கேன்," என்றேன்.
அவளுக்குப் புரியவில்லை.

இரண்டு மணிக்குப் பிள்ளை தூங்கியது.
தேநீர் வந்தது.
"நல்லா சாஞ்சு உட்காருங்க,
உங்க வீடு மாதிரி நெனச்சுக்குங்க."
நான் சோபாவின் நுனியிலேயே இருந்தேன்.
முருகன் என்னைப் பார்க்கவில்லை, அல்லது
பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் ஒன்று.
மழையோடு பெட்டிகளும் நானும் வந்து சேர்ந்தோம்.
சமையலறைக் கதவுக்குப் பின்னால்
சிலிண்டர் மாற்றிய தேதிகளைப் பென்சிலில் குறித்துவைப்பேன்.
கடைசித் தேதிக்குக் கீழே
ஒரு காட்டுமாடு நின்றது.
கொம்பு பெரிசு, கால் மூன்றுதான்.
அண்ணன் பார்த்தால் வெள்ளையடிக்கக் காசு கேட்பார்.
துடைக்கத் துணியை நனைத்தேன்.
பிறகு அதால் மேடையைத் துடைத்துவிட்டு,
அடுத்த தேதியை
மாட்டுக்குக் கீழே எழுதினேன்.