நீடாமங்கலம் கேட்

சிவப்பு வண்டியை வலங்கைமான் இளம்பரிதிக்கு விற்றேன்.
பட்டாசுக் கடைப் பையன்.
சாவி கொடுக்கும்போது குறைகளைச் சொன்னேன்:
மார்கழியில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும்,
பின்கதவு ரப்பரில் மழைத்தண்ணீர் இறங்கும்.
இடப்பக்கம் இழுக்கும் என்பதைச் சொல்லவில்லை.
விலையைக் குறைப்பான் என்றல்ல.
ஏழு வருடத்தில் எனக்கே மறந்துவிட்டது.

குட்டை வண்டி அது.
காய்ந்த மிளகாயின் நிறம், அதன் குணம்.
குடமுருட்டிப் பாலத்து வளைவில்
பின்சக்கரம் ஒன்று தரையைவிட்டுத் தூக்கும்,
நாய் கால் தூக்குவதுபோல.
வெட்டாற்றங்கரைக் குழிகள் ஒவ்வொன்றும்
முதுகெலும்பில் எண் பார்த்து வந்து உட்காரும்:
எல் மூன்று, எல் நான்கு.
நான் மயக்க டாக்டர். நாலு ஊருக்கும் ஒருத்தி.
ஊசி எங்கே இறங்கவேண்டுமென்று
எனக்குச் சாலையே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது.

புதியது சாம்பல் நிறம்,
நான்கு கதவு, நீண்ட டிக்கி,
முந்நூற்று எண்பது குதிரை.
கும்பகோணத்தில் மகாமகக் குளத்தைச் சுற்றி
வீட்டுக்குக் கொண்டுவருவதற்குள்
அதில் முந்நூற்று ஐம்பது தூங்கிவிட்டன.

நாற்பத்தாறு வயதில் எதற்கடி இத்தனை
என்றாள் மெஹருன்னிசா, கத்தி பிடிப்பவள்.
பாதுகாப்பு என்றேன். பொய்.
ஷோரூமில் கதவைச் சாத்தியபோது
திருச்சி மொத்தமும் வாயை மூடிக்கொண்டது.
அதுதான் காரணம்.

ஒன்று நாற்பதுக்குப் போன்.
மன்னார்குடி. தலைப்பிரசவம்.
குழந்தையின் துடிப்பு இறங்குகிறது.
வலங்கைமான் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.
முள்ளைப் பார்த்தால் நூற்று முப்பது.
காலை இன்னும் கொஞ்சம் ஊன்றினேன்.
ஊசி போட்டபின் எல்லோரிடமும் சொல்வேனே, அந்த வாக்கியம்:
வலி இருக்காதும்மா, அழுத்துறது மட்டும் தெரியும்.
என்னை இருக்கையோடு அழுத்தியது.
வேறொன்றும் தெரியவில்லை.

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.

நெல் ஏற்றிய கூட்ஸ்.
பெட்டிகளை எண்ணத் தொடங்கி
பத்தொன்பதில் விட்டுவிட்டேன்.
முன்னால் ஒரு பஸ், ஒரு வைக்கோல் டிராக்டர்.
கேட் கீப்பருக்கு
எல்லாக் குதிரையும் மாடுதான்.

பக்கத்தில் வந்து நின்றது சிவப்பு.
இளம்பரிதி கண்ணாடியை இறக்கினான்.
“டாக்டர், லேசா லெஃப்ட்டுல இழுக்குதே?”
“கைய ஒரு நூல் ரைட்டுல வெச்சுக்க. பழகிடும்.”
சொல்லும்போதே அந்த இன்ஜின் நடுங்குவது
என் கதவைத் தொட்டு, உள்ளே வரமுடியாமல் நின்றது.

கேட் தூக்கியதும்
பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் இடையில்
கெண்டை மாதிரி நழுவிப் போய்விட்டான்.
என் அகலத்துக்கு அங்கே வழியில்லை.
கோரையாறு தாண்டும்வரை
முந்நூற்று எண்பதும் வைக்கோலை முகர்ந்தபடி
வரிசையாக நடந்துவந்தன.

மூன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் பிறந்தாள்.
இரண்டே முக்கால் கிலோ.
கொஞ்சம் யோசித்துவிட்டு அழுதாள்.

விடியும் நேரத்தில் திரும்பினேன்.
நாற்பதைத் தாண்டவில்லை.
சாலையில் பாதி நெல்.
மேலே தார்ப்பாய், ஓரத்துக்குக் கருங்கல்.
எதிரே யாருமில்லை, எனக்குத் தூக்கமுமில்லை.
ஆனாலும் வலது சக்கரம் போய்க் கல்லில் உரசிற்று.
காவலுக்குப் படுத்திருந்தவர் போர்வையோடு எழுந்து
முதலில் கல்லைப் பார்த்தார், பிறகு நெல்லை,
கடைசியாக வண்டியை.
“ரோடு நேராத்தானே கெடக்கு?”

கிடந்தது.
வண்டியும் நேராகத்தான் போகிறது.
என் கைதான் இன்னும்
ஒரு நூல்
வலப்பக்கம் பிடித்திருக்கிறது.