பிழை எண் ஐந்து

இரவு ஒன்பதரைக்கு மூன்றாவது தடவையாகச் சொன்னது:
அணுகல் மறுக்கப்பட்டது. பிழை எண் ஐந்து.
கோபமில்லை, வருத்தமில்லை.
தாலுகா ஆபீஸ் ஜன்னலில்
தலை நிமிராமல் சொல்வார்களே, அந்தக் குரல்.

ஸ்கேனரின் மென்பொருள்தான், ஏற்றினால் முடிந்தது.
பயிர்க் காப்பீட்டுக்கு இன்னும் இரண்டு நாள்.
பதினேழு பேருடைய சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல்
யூரியா சாக்கின் உள்பையில் ஈரம் படாமல் கிடக்கிறது.
வெளியே ஐப்பசி.
முள்ளியாற்றுக்கு இன்னும் ஒன்றரை அடிதான் கரை என்று
யாரோ சைக்கிளில் சொல்லிக்கொண்டே போகிறார்கள்.

திருத்துறைப்பூண்டிக் கடைக்குப் போன் போட்டேன்.
கம்ப்யூட்டரை எனக்கு விற்ற சகாயநாதன் எடுத்தான்.
"வலது கிளிக் பண்ணுங்கக்கா,
நிர்வாகியா இயக்குன்னு வரும், அதை அமுக்குங்க."
அமுக்கினேன். திரை ஒரு நொடி இருண்டு
நிச்சயமாகவா என்றது.
ஆம் என்றேன்.
பாதி தூரம் ஓடி, டி டிரைவ் வாசலில் நின்றுவிட்டது.
ஐந்து.

"அப்ப மொத்த டிரைவுக்கும்
எல்லாருக்கும் முழு அனுமதி குடுத்துடுங்க,
தொல்லை விட்டுது."
தம்பி, நான் கடைமடைக்காரி.
எல்லா ஷட்டரையும் ஒரே ராத்திரியில் தூக்கினால்
காலையில் எவன் வயலில் எது மிதக்கும் என்று
எனக்குத் தெரியும்.
வை போனை.

கரண்ட் போனது. வந்தது.
மறுபடி முதலிலிருந்து.

கோப்புறையின் மேல் வலது கிளிக். பண்புகள்.
பாதுகாப்பு. அதற்குள் மேம்பட்டவை.
அங்கே மேலே, உரிமையாளர் என்ற இடத்தில்
பெயர் இல்லை.
தெரியாத கணக்கு என்று போட்டு
எஸ், ஒன்று, ஐந்து, இருபத்தொன்று,
அப்புறம் ஒரு முழம் எண்.

ஆக, வட்டு பழசு.
யாருடைய கணக்கோ அழிந்து
எண் மட்டும் காவல் நிற்கிறது.
ஆள் இல்லாத ஆளிடமா
இத்தனை நேரம் அனுமதி கேட்டேன்?

மாற்று என்று ஒரு பொத்தான்.
பெட்டியில் தட்டினேன்: தையல்நாயகி.
பெயரைச் சரிபார் என்றதும்
அடியில் ஒரு கோடு விழுந்தது.
தெரியுமாம்.
உள்ளே இருப்பவற்றுக்கும் சேர்த்தா என்ற கட்டத்தில்
ஒரு டிக் போட்டேன்.
பச்சைப் பட்டை ஓடியது, நாற்பது விநாடி இருக்கும்.
உரிமையாளர்: தையல்நாயகி.

கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டேன்.

அந்த ஆறு மாவை
என் மாமனார் கையிலிருந்து வாங்கி
இருபத்திரண்டு சம்பா நட்டிருக்கிறேன்.
குத்தகை நெல் ஒரு கலம் பாக்கியில்லை,
வெள்ளத்தில் போன வருடத்துக்கும் சேர்த்து.
அங்கே வலது கிளிக் செய்ய
எந்த இடம் என்று
இன்றுவரை எவரும் காட்டவில்லை.

சரி, வேலையைப் பார்.

அந்த ஒரு கோப்புறைக்கு மட்டும்,
எனக்கு மட்டும், முழுக் கட்டுப்பாடு.
மற்றதெல்லாம் இருந்தபடி இருக்கட்டும்.
நிர்வாகியாக இயக்கு. ஆம்.
இந்தத் தடவை நிற்காமல் ஓடி
முடிந்தது என்றது, அதே குரலில்.

பதினேழுக்கு முன்னால் என்னுடையதைப் போட்டுப் பார்த்தேன்.
கண்ணாடிக்கு அடியில் வெளிச்சம்
வரப்பில் டார்ச் போவது மாதிரி மெதுவாகப் போனது.
உரிமையாளர்: அருள்மிகு அகத்தீசுவர சுவாமி.
எழுத்து அச்சுப்போல விழுந்திருந்தது.
சாகுபடி செய்பவர் என்ற கட்டம் வெள்ளையாக இருந்தது.

தாளை எடுத்து விளக்கில் பிடித்தேன்.
இருக்கிறது.
கிராம நிர்வாக அலுவலர் பென்சிலால் எழுதியது.
பென்சிலை இது பிடிக்காதாம்.

அமைப்புக்குள் போய்
கறுப்பை இரண்டு புள்ளி கூட்டினேன்.
போதவில்லை.
இன்னும் இரண்டு.