இன்னொரு தடவை சொல்லுங்கள்

கொஞ்சம் கடல் பக்கம் தள்ளி நில்லுங்க ஐயா
என்கிறான் கமெராப் பொடியன்.
தள்ளி நிற்கிறேன்.
திருக்கடலூரில் எந்த இடத்தில் நின்றால்
வெளிச்சம் முகத்தில் சரியாக விழும்,
முதுகுக்குப் பின்னால் கோணேசர் மலையும் தெரியும் என்பது
இருபது மார்கழியில் எனக்கே பழகிவிட்டது.

சொல்வேன்:
கடல் உள்ளுக்குப் போனது.
ஒருநாளும் காணாத பாறைகள் தெரிந்தன.
சேற்றில் மீன் துடித்தது, பொடியள் பொறுக்க ஓடினார்கள்.
பிறகு கறுப்பாய் ஒரு மதில்.

மதில் என்னும்போது கை உயரும்.
முதல் வருஷம் அது தானாக உயர்ந்த கை.
இப்போது நான் உயர்த்துகிற கை.

நான் எஞ்சின் திருத்துகிறவன்.
மரை தேய்ந்த நட்டை எவ்வளவு சுற்றினாலும் சுற்றும்,
எதையும் இறுக்காது.
என் சொற்களும் அப்படித்தான் ஆகிவிட்டன.
ஜப்பான்காரி ஒருத்தி கேட்டு அழுதாள்.
அவளுக்கு நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

இவன் அஸ்மத், கிண்ணியாப் பொடியன்.
அது நடந்து மூன்றாம் மாதம் பிறந்தவனாம்.
கேள்வி எழுதிக் கொண்டுவந்த தாளை
நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு
கேட்டான்:
அண்டைக்குக் காலையில என்ன சாப்பிட்டீங்க?

ஒருவரும் இதைக் கேட்டதில்லை.
கணக்கெடுக்க வந்த விதானையார் கேட்கவில்லை,
வீடு தந்தவர்கள் கேட்கவில்லை,
நானும் கேட்டதில்லை.

மோதகம்.

திருவெம்பாவைக் கடைசி நாள்.
தவமலர் விடியுமுன் கோயிலுக்குப் போய்
ஈரத்தலையோடு வந்தாள்.
வாழையிலைத் துண்டில் மூன்று மோதகம், ஆளுக்கு ஒன்று.
என்னுடையதைத் தின்றேன்.
பிறகு காபரேற்றரைக் கழற்றியபடி,
கிறீஸ் கையோடு,
நினைப்பில்லாமல்
இன்னொன்றையும் தின்றேன்.

என்ர மோதகம் எங்க அப்பா?
துஷாந்தினி. ஏழு வயது. ஒரு பக்கம் பின்னி
மறுபக்கம் விரிந்து கிடந்த தலை.

காகம் கொண்டு போட்டுது பிள்ள.
எந்தக் காகம்?
அந்தா, கரைப்பக்கம் போகுது.

சொன்னதை நம்புகிற பிள்ளை.
காகத்தைத் துரத்திக்கொண்டு ஓடினாள்.
சீப்போடு பின்னால் தவமலர்,
நில்லடி, மற்றப் பின்னல் கிடக்கு என்று.

ஐயா?
சிவப்பு லைற் மினுங்குகிறது.
ஞாபகமில்லைத் தம்பி என்கிறேன்.
பரவாயில்ல, கடல் உள்ளுக்குப் போனதில இருந்து
இன்னொரு தடவை சொல்லுங்க.
கடல் என்கிறேன்.
கடல்.
கை உயரவில்லை.

திதிக்குத் திதி காகத்துக்குச் சோறு வைக்கிறேன்.
கா கா என்று கூப்பிடுவேன்.
அது வந்து இறங்கும் சத்தம் கேட்குமுன்
உள்ளே போய்விடுவேன்.
தின்னும்வரை நின்று பார்த்ததில்லை.
வெட்கம் என்று நினைக்கவில்லை, வெயில் என்று நினைத்தேன்.

ஒன்பது இருபத்தைந்து.
இரண்டு நிமிஷ மௌனம்.
றோட்டில் பஸ் நிற்கிறது, ஓட்டோ நிற்கிறது,
வலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடி நிற்கிறார்கள்,
கடல் மட்டும் நிற்காமல் அடிக்கிறது.
அஸ்மத் தலை குனிந்து நிற்கிறான்.
அவன் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கிய ரோல்ஸ்
வள்ளத்து விளிம்பில், கடதாசியில்.

ஒன்று வந்து இறங்கியது.
கழுத்தைச் சரித்து என்னைப் பார்த்தது.
நானும் பார்த்தேன்.
இந்தமுறை உள்ளே போக வீடு பக்கத்தில் இல்லை.
அவசரமில்லாமல் கவ்விக்கொண்டு
கரைப்பக்கமாகப் பறந்தது.

மௌனம் முடிந்து பஸ் கோர்ன் அடிக்கிறது.
என்ட ரோல்ஸ் எங்க ஐயா?

காகம் கொண்டு போட்டுது.

பொடியன் என் வாயைப் பார்க்கிறான்,
சிரிக்கிறான்.
நம்பவில்லை.