குதிகால் சோதனை

என் வேலை குதிகால் உடைப்பது.
ஆம்பூரில், கம்பெனி மாடியில், கண்ணாடிக் கூண்டுக்குள்
ஓர் இரும்புக் கை ஹீல்ஸைப் பிடித்து
இருபதாயிரம் முறை தட்டும்.
எத்தனையாவது தட்டில் விட்டுப்போனது என்று
எழுதிவைப்பேன்.

லிஸ்பனிலிருந்து கடிதம்:
எங்கள் பழைய தெருக்களில் கல் பாவியிருக்கும்,
சாயங்காலமானால் வெளியிலேயே மேசை போட்டு
சாப்பிடுவோம், குடிப்போம், எழுந்து நடப்போம்,
உங்கள் குதிகால் இடுக்கில் மாட்டிக்கொள்கிறது.

கல்லுக்கு எங்கே போக, என்றார் மேனேஜர்.
முபீனா சொன்னாள்,
வேலூர்ல இருக்குதே.

பஜாருக்குப் பின்னால், லாரி நுழையாததால்
தார் போடாமல் தப்பித்த சந்து.
கோட்டை கட்டி மிஞ்சிய கல் என்பார் ஒருவர்,
குதிரை லாயத்துக் கல் என்பார் இன்னொருவர்.
எதுவானாலும்
பகல் முழுக்கக் குடித்த வெயிலை
ராத்திரி எட்டு மணிக்கும் கக்கிக்கொண்டிருந்தது.

சிவப்பு பிளாஸ்டிக் மேசைகள்,
ஆடாமலிருக்க ஒரு காலுக்குக் கீழே மடித்த அட்டை.
தால்சா வாளி, கத்திரிக்காய்த் தொக்கு,
கொத்துப் பரோட்டாவின் இரட்டைத் தாளம்.
முனையில் பச்சை போர்டுக் கடை;
அதன் பாருக்குக் கதவு இருந்தும்
ஆட்கள் வெளியில்தான் நின்றார்கள்,
கையில் டம்ளர், வாயில் அரசியல்.

சாம்பிளை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.
முப்பத்தேழாம் நம்பர், கருநீலம், மூன்று அங்குலம்.
முபீனா எண்ணினாள்.
ஒன்று, இரண்டு, பதினொன்று.
தெருவே மெல்லுவதை நிறுத்திப் பார்த்தது.
இருபத்தாறில்
என் வலது கால் மட்டும் வேலூரோடு தங்கிவிட்டது.

"இழுக்காத மா, பிச்சிக்கும்," என்று
டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வந்தார் ஒருவர்.
ஏகாம்பரமாம், கொத்தனாராம்.
மண்டியிட்டு, கல்லைத் தட்டி, காது வைத்துக் கேட்டு,
"கல்லு நல்லாக்கீது. உன் செருப்புலதான் கோளாறு," என்றார்.
பரோட்டாக் கடை தஸ்தகீர் கரண்டிக் காம்பைக் கொடுத்தான்.
நெம்பினோம்.
ஒரு கைதட்டல்கூட விழுந்தது.

பக்கத்து மேசையில் கொல்கத்தாக்காரர்கள்.
அவர் மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை,
முன்னால் ரசம் ஊற்றாத வெறும் சோறு.
நாளைக் காலை ரிசல்ட்.
அந்தம்மா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சுதபா என்று தன்னைத் தொட்டுக் காட்டினாள்,
பிறகு செருப்பைத் தொட்டுக் காட்டினாள்.

அவளுக்கும் முப்பத்தேழு.

புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கி
நடந்தாள் பாருங்கள்,
பார் வாசல் வரை போய்
ஒரு குடிகாரரைச் சுற்றித் திரும்பி வந்தாள்.
ஐம்பத்திரண்டு அடி. ஒன்றுகூட மாட்டவில்லை.
எங்கள் வீட்டுக்குப் போகும் வழியில் ஓடை,
மழைக்காலத்தில் கல்மேல் கல்லாகத் தாண்டணும்
என்றாள், பாதி இந்தியில், பாதி கையில்.
அவர் அப்போதுதான் சிரித்தார்.
சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி,
சோற்றை ஒரு கவளம் எடுத்தார்.

செருப்பைக் கழற்றித் துடைத்து,
இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள்.
வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கலாம்.
சாம்பிளுக்குக் கணக்கு உண்டு என்ற பயத்தில்
நான் வாங்கிக்கொண்டேன்.
கடைசி பஸ்ஸில் வாணியம்பாடிக்காரர் தோளிடிக்கத்
தூங்காமல் வந்தது அதனால்தான்.

மறுநாள் ரிப்போர்ட் எழுதினேன்:
நடந்தவர் இருவர். சிக்கியது ஒருமுறை.
தரை சூடு. வெளிச்சம் போதாது.
கருவி, பரோட்டாக் கரண்டி.
மேனேஜர் கடைசி வரியை அடித்துவிட்டார்.

பெட்டி லிஸ்பனுக்குப் போய்விட்டது.
இடது குதிகாலின் ரப்பர் விளிம்பில்
ஒரு சீரகச் சம்பா ஒட்டியிருந்தது.
பார்த்தேன்.
எடுக்கவில்லை.