மோட்டாருக்கு மட்டும் பத்து வருஷம்

வாரண்டி கார்டு கிடைத்துவிட்டது.
கேஸ் புக், விவாகரத்துத் தீர்ப்பின் ஜெராக்ஸ்
எல்லாம் கிடந்த பிளாஸ்டிக் பையின் அடியில்,
ஒரு மூலை மட்டும் ஊறிப்போய்.
முழு மெஷினுக்கு இரண்டு வருஷம்.
மோட்டாருக்கு மட்டும் பத்து.
இது ஒன்பதாவது.

பின்பக்கம் பொடி எழுத்து.
லேபில் நாளெல்லாம் ரத்த அணு எண்ணும் கண் எனக்கு,
அப்படியும் வெளிச்சத்தில் பிடித்துத்தான் படித்தேன்.
எலி கடித்தால் செல்லாது.
வெள்ளம் புகுந்தால் செல்லாது.
உப்புக்காற்றில் துரு ஏறினால் செல்லாது.
கடலூரில் குடியிருந்தால் செல்லாது என்று
ஒரே வரியில் முடித்திருக்கலாம்,
மையாவது மிச்சம்.

வாங்கியது பாண்டியில், ஜிஎஸ்டிக்கு முந்தைய வருஷம்,
அங்கே வரி கம்மி என்று.
குட்டியானையில் நின்றபடி
மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தான் இளவழுதி.
ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் நிறுத்தி
மூடியைத் திறந்து டிரம்முக்குள் டார்ச் அடித்தார் போலீஸ்காரர்.
ஒரு பாட்டில்கூட இல்லை.
அவர் முகம் வாடியதைச் சொல்லிச் சொல்லி
உப்பலவாடி வரைக்கும் சிரித்தோம்.

பில் அவன் பெயரில். நம்பரும் அவனது.
"பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க மேடம்."
வந்திருக்கும்.
நெய்வேலியில், ஒரு சட்டைப்பைக்குள்.

மூன்று வருஷம் நாலு மாசம் கழித்து
நான் அவனிடம் கேட்டது:
"ஓடிபி வந்துச்சா?"
அவன் கேட்டது:
"மெஷினுக்கு என்ன?"
ஆறு வீட்டுக்குள் வந்தபோது வராத குரல்.
குறை சொல்லவில்லை,
அன்றைக்கு டவரும் இல்லை.

வில்லியனூரிலிருந்து வந்தார் ழெரார்.
ஹெல்மெட்டைக் கழற்றாமல் மெஷினை ஒரு சுற்று சுற்றினார்.
"தண்ணி ஏறுச்சா மேடம்?"
"இல்ல."

சாத்தனூரைத் திறந்த ராத்திரி
முழங்காலுக்கு நின்ற தண்ணீரின் கோடு
கதவில், பீரோவில், சுவரில்
ஒரே மட்டத்தில் போகிறது.
மெஷினில் மட்டும் இல்லை,
மூன்று நாள் நாரைப் போட்டுத் தேய்த்திருந்தேன்.
சுவர்க்கோடு மெஷினுக்குப் பின்னால் போய் மறைந்து
அந்தப் பக்கம் வெளியே வருவதை
ழெரார் பார்த்தார்.
பார்த்ததை நான் பார்த்தேன்.

"உப்புக்காத்துதான். ஊர்ப் பேர்லயே உப்பு இருக்கே."
"அதுக்கும் கிடைக்காது மேடம்."
"எதுக்குத்தான் கிடைக்கும்?"
"மோட்டார் தானா நின்னுபோச்சுன்னு எழுதணும்."
எழுதினார்.
குடும்ப நல கோர்ட்டில்
எங்கள் வக்கீல் எழுதியதும் ஏறக்குறைய இதுதான்.

ஐந்து நாள் கோட்டைக் கையால் கசக்கினேன்.
ஆறாம் நாள் மோட்டார் வந்தது.
மெஷினைச் சாய்த்து அடித்தட்டைக் கழற்றினால்
ஒரு சட்டைப் பொத்தான், ஒரு ஐந்து ரூபாய்,
கைப்பிடி அளவுக்குப் பெண்ணையாற்று வண்டல்.
வண்டலைப் பேப்பரில் மடித்து என்னிடம் நீட்டினார்.
"செடிக்குப் போடுங்க."
அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

"ஹேப்பி கோடு சொல்லுங்க மேடம்."
"என்னது?"
"வேலை திருப்தின்னா ஒரு நம்பர் வரும்.
அதுக்குப் பேரே அதுதான்."

மறுபடி நெய்வேலி.
எட்டு, என்றான். பூஜ்யம். இரண்டு. இரண்டு.
நான் திருப்பிச் சொன்னேன்.
பின்னால் யாரோ மிக்சி ஓட்டினார்கள்.
அது நிற்கும் வரைக்கும்
இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.
பிறகு வைத்துவிட்டோம்.

"நம்பரை மாத்திடலாமே மேடம்?
இன்னும் ஒரு வருஷம் இருக்கு மோட்டாருக்கு."
"மாத்துங்க."
"பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி போகும்."

ஸ்பின்னில் மெஷின் தரையை உதைத்து உதைத்து
அரையடி முன்னால் வந்தது,
பின்னாலிருந்த கோடு முழுசாய்த் தெரிந்தது.
ழெரார் முழங்காலால் அதைத் தள்ளி
பழைய இடத்தில் நிறுத்தினார்.
என் காதில்
ரிங் போய்க்கொண்டிருந்தது.