எண்பது மில்லி

வாய் அகலமா குறுகலா என்று
கேட்டாள் விற்பனைப் பெண்.
பிள்ளையின் வாயையோ என்று
ஒரு கணம் திகைத்தேன்.
போத்தலின் வாய்.

எக்ஸ்போ மண்டபம், சனிக்கிழமை.
தள்ளுவண்டிகள் கணுக்காலை இடிக்கும் நெரிசல்.
கண்ணாடி என்றால் கனம்,
பிளாஸ்டிக் என்றால் பயம்,
இரண்டுக்கும் நடுவே தேன்நிறத்தில் ஒன்று,
கொதிநீருக்கு அசையாதாம்.
விலைதான் கொதித்தது.

பம்பில் பொருந்தும் கழுத்து,
குளிர்பெட்டித் தட்டில் நிற்கும் உயரம்,
மிதுரா ஒப்பும் காம்பு.
மூன்றும் ஒரே கம்பெனியில் அமையவில்லை.
"பத்துக்கு இரண்டு பொருத்தம்தான்" என்றான் லோகன்,
ஜாதகம் பார்த்து அலுத்தவன் போல.
அப்படியும் வாங்கினோம்
அறுபத்திரண்டு வெள்ளிக்கு.
பதினாறு வார விடுப்பில்
ஒன்பது நாள் மிச்சம்.

முதல் காம்பை நாக்கால் தள்ளினாள்.
இரண்டாவதைக் கடித்தாள்.
முலை போலவே என்று
பெட்டியில் அச்சிட்டிருந்த மூன்றாவதை
வெறுமனே பார்த்தாள்.
'போலவே' என்ற சொல்
அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான் பக்கத்தில் இருந்தால் குடிக்க மாட்டாளாம்,
வாசனை காட்டிக் கொடுத்துவிடுமாம்.
பதினோராம் மாடித் தாழ்வாரத்தில்
லிஃப்ட் வரை நடந்தேன்.
எதிர்ப்புளோக்கில் காயும் துணிக்கழிகளை
எண்ணிக்கொண்டு நின்றேன்.
அழுகை சுவர் தாண்டி வந்தது.
லோகனின் தாலாட்டும் வந்தது, சுருதி இல்லாமல்.
என் சட்டை
யாரையும் கேட்காமல் நனைந்தது.

உட்லண்ட்ஸில் சில்லு செய்யும் ஆலை.
தூசுக்கு அனுமதியில்லாத கூடம்,
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு.
கழற்ற எட்டு நிமிடம், மாட்ட எட்டு.
அரைமணி இடைவேளையில்
மீந்த பதினான்கில்
என் உடம்பு பால் என்று நினைக்க வேண்டும்.

பாலறையில் ரொஹாயா,
திரைக்கு அந்தப் பக்கம், இரண்டாவது பிள்ளைக்காரி.
பம்பு சத்தம் உனக்கு என்ன சொல்கிறது என்றாள்.
போதுமா, போதுமா.
அவளுக்கு அது
பாலேக், பாலேக்.
வீட்டுக்குத் திரும்பு என்கிறதாம்.
இரண்டு பம்பும் சேர்ந்து பேசியபோது
சிரித்ததில் பத்து மில்லி சிந்தினேன்.
சிந்திய பாலுக்கு அழக்கூடாது என்றவர்
பம்பு பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்.

வீட்டில் கோடுகள் கிடையாது.
குடித்தாள், கை தளர்ந்தது, உறங்கினாள்.
அதுதான் அளவு.
இங்கே விலாவெங்கும் எண்கள் உள்ள போத்தலை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
கோட்டுக்கு மேலா கீழா என்று
கண்ணைச் சுருக்குகிறேன்.
பெயர், தேதி, மணி எழுதி ஒட்டி வைத்தேன்.
யாரோ வைத்த சம்பால் டப்பாவின் பக்கத்தில்
நின்றது
என் காலை.

மூன்றாம் நாள், இரண்டு பத்துக்கு,
காப்பகத்து ஜோசலின் டீச்சரின் செய்தி:
எண்பது மில்லி. ஒரு சொட்டு மிச்சமில்லை.
கீழே படம்.
தேன்நிறப் போத்தல் இல்லை அது.
பிள்ளை பெற்றுத் திரும்பிய அன்று
மருத்துவமனையில் சும்மா தந்தது,
மாற்றுத்துணிக்கு அடியில் நாங்கள் மறந்தது,
வாய் குறுகல்.

எப்படி என்று எழுதிக் கேட்டேன்.
சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்,
பச்சைப் பேருந்து ஒன்று வந்தது,
அதைப் பார்த்துக்கொண்டே குடித்தாள் என்றாள்.

ரொஹாயாவிடம் காட்டினேன். கைதட்டினாள்.
நானும் தட்டினேன்.
பிறகு கழிப்பறைக்குப் போய்
குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்,
கை கழுவ அல்ல.
இதுவரை
என் முகம் பார்த்துத்தான் குடித்திருக்கிறாள்.

அறுபத்திரண்டு வெள்ளிப் போத்தலில்
காப்பி ஆற்றிக் குடிக்கிறேன் என்றான் லோகன் இரவில்.
அவள் வழக்கம்போல் என்னிடம் வந்தாள்,
கண் மூடி, விரலால் என் கழுத்துச் சங்கிலி தேடி,
எவ்வளவு என்று யாருக்கும் தெரியாமல்.

மறுநாள் மூடியில் எழுதினேன்:
மிதுரா. பதினொன்று நாற்பது. எழுபத்தைந்து.
ஐந்து குறைகிறது.
உடுப்பு மாட்ட எட்டு நிமிடம் வேண்டும்.
பம்பு இன்னும்
கேட்டுக்கொண்டிருந்தது.